பெத்தவளுக்குக் களி

மூன்றேகாலுக்கு அடுப்பைப் பற்ற வைத்தேன். சம்பந்தி ஐந்து மணிக்கு வண்டியோடு வந்துவிடுவார். உளுந்தங்களி பதத்துக்கு வர முக்கால் மணி நேரம், கை பொறுக்கிற சூட்டுக்கு ஆற இன்னொரு கால் மணி, ஆக நாலேகால் என்று வையுங்கள், அதற்கு மேல் பன்னிரண்டு படி ஏறி மாடி அறைக் கதவைத் தட்ட எத்தனை நேரம் ஆகும் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து வந்து பதினொரு நாளாயிற்று, அந்தப் பன்னிரண்டு படியைத்தான் ஏறி ஏறி இறங்குகிறேன். சோற்றுத் தட்டைக் கதவுக்கு வெளியே ஸ்டூலில் வைப்பேன், என் மருமகள் சுபாஷினி எடுத்துக்கொள்வாள், பாதி தின்று பாதியை மூடி வைப்பாள், நான் போய் எடுத்து வருவேன். பேச்சு இல்லை. சண்டை என்றால்கூடத் தேவலை, சண்டையில் ஒரு சத்தம் இருக்கும், சத்தம் வருகிற திசையைப் பிடித்துக்கொண்டு ஆளிடம் போய்ச் சேர்ந்துவிடலாம். இது அப்படி இல்லை. இன்றைக்கு அவளுடைய அப்பா வந்து அம்பாசமுத்திரத்துக்குக் கூட்டிப் போகிறார். "கொஞ்ச நாள் இருந்துட்டு வரட்டும்மா" என்று என் மகன் லிங்கம் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது சொன்னான். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள்லே என்று கேட்டேன். அவன் குனிந்து செருப்பை மாட்டினான், மாட்டின செருப்பையே திரும்பவும் கழற்றி மாட்டினான். பேசாமல் போகிற பெண் திரும்பி வருவாளா. தாயில்லாத பிள்ளை அவள், அதனால்தான் பிரசவத்தையே இங்கே வைத்துக்கொள்வோம் என்று நான் முன்னால் நின்று சொன்னேன், அத்தை இருக்கேன் உனக்கு என்று எல்லார் முன்னாலும் சொன்னேன், சொன்ன வாயை என்ன செய்ய.

கருப்பட்டித் தண்ணீர் கொதித்து வருகிறது. முதலிலேயே வடிகட்டிவிட்டேன், அடியில் ஒரு சிட்டிகை மணல் நின்றது. சுக்கைத் தட்டிப் போட்டதும் அந்த வாசம் ஏறி நேராக மண்டைக்குள் போகிறது. வறுத்து அரைத்த கருப்பு உளுந்து மாவு இன்னொரு பாத்திரத்தில் கரைந்து கிடக்கிறது. நேற்று மில்லில் வரிசையில் நின்றபோது அரைக்கிற தம்பி வாளியைத் தூக்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "என்ன ஆச்சி, உளுந்தும் பச்சரிசியும்லா, பேத்தி சடங்கானாளா?" என்றான். எங்கள் பக்கம் இந்த மாவுக்கு இரண்டே சேதிதான், ஒன்று வீட்டில் ஒரு பெண் பெரியவளாகியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஒருத்தி பிள்ளை பெற்றிருக்க வேண்டும், இரண்டுக்கும் இடுப்பு பலப்பட வேண்டும் என்று கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் களி கிண்டிக் கொடுப்போம். நான் என்ன சொன்னேன் தெரியுமா, எனக்கு மூட்டுவலிப்பா, அதுக்குத்தான் என்று சொன்னேன். இந்த மாசத்தில் அது என் மூன்றாவது பொய். கரைத்த மாவைப் பாகில் ஊற்றுகிறேன், ஒரு கை ஊற்ற ஒரு கை கிண்ட, இந்த இடத்தில் கை நிற்கக் கூடாது, நின்றால் கட்டி தட்டிவிடும். முதல் பொய்யும் இரண்டாவது பொய்யும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் சொன்னவை. ஏழாம் மாசம் வளைகாப்புப் போட்டோம், இரண்டு கையிலும் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல், கைக்குப் பதினொன்று. பத்து நாள் கழித்து ஒரு காலையில் பல் விளக்கிக்கொண்டு இருந்தவள் அப்படியே பிரஷ்ஷோடு நின்று, "அத்தை, ராத்திரியில இருந்து அசைவு தெரியல" என்றாள். அவ்வளவுதான். ஆனாலும் பெறத்தான் வேண்டும் என்றார்கள். போன பிள்ளையையும் பெற்றுத்தான் எடுக்க வேண்டும், நோகாமல் வராது. ஒரு ராத்திரி, ஒரு பகல். வலி எழும்பும்போதெல்லாம் வளையல் குலுங்கும், அறைக்கு வெளியே நிற்கிற எனக்குக் கேட்கும். ஊசி குத்துகிற கையில் நர்ஸம்மா வளையலை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டு பிளாஸ்திரி ஒட்டினாளே தவிர கழற்றச் சொல்லவில்லை, அவளுக்கும் தெரியும், பிள்ளை பெற்றவள்தான் அந்த வளையலைக் கழற்ற வேண்டும், கழற்றிப் பேறு பார்த்தவள் கையில் கொடுக்க வேண்டும், அதுதான் முறை. நான் கழற்றினேன்.

கட்டி தட்டிவிட்டது. பாருங்கள், நினைத்த மாத்திரத்தில் தட்டிவிட்டது. கரண்டியின் முதுகால் ஒவ்வொன்றாகப் பாத்திரத்தின் ஓரத்தில் வைத்து அமுக்கி உடைக்கிறேன், ஒன்றை உடைத்தால் இன்னொன்று அடியில் இருந்து எழும்பி வருகிறது. அவள் மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டு இருந்தாள். விடிந்தால் சொந்தக்காரர்கள் வருவார்கள், வளையல் குலுங்குகிற கையைப் பார்த்தால் ஒப்பாரி வைப்பார்கள், அவளும் கண் விழித்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பாள், வேண்டாம் என்று நினைத்தேன். நல்லதைத்தான் நினைத்தேன், சத்தியமாக. பாத்ரூமில் நான் வைத்திருந்த சோப்பைக் கரைத்து அவள் கையில் தடவி ஒவ்வொன்றாக உருவினேன், இருபத்திரண்டு வளையல், ஒன்றுகூட உடையவில்லை என்று அந்த நேரத்தில் எனக்கு ஒரு பெருமை வேறு. அவள் விழித்ததும் கையைத் தூக்கிப் பார்த்தாள். "வளையல் எங்க அத்தை?" என்றாள். நர்ஸம்மா கழட்டினா தாயி என்றேன். அவள் கையை மூக்குப் பக்கம் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். வீட்டில் இருந்து நான் கொண்டுபோன சோப்பு, எங்கள் வீட்டில் எல்லாரும் போடுகிற சோப்பு, அந்த வாசம் அவளுக்குத் தெரியாதா. என்னைப் பார்த்தாள். "பாப்பாவ நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டாள். இல்லம்மா, துணியில சுத்திட்டாவ என்றேன். பார்த்தேன். லிங்கத்தால் முடியவில்லை, கையெழுத்துப் போடுகிற மேசையில் தலையைக் கவிழ்த்துவிட்டான், நான்தான் உள்ளே போனேன், நர்ஸம்மா பச்சைத் துணியை விலக்கி, நான் பார்த்தேன், வேண்டாம், அதற்குள் இப்போது போக வேண்டாம், கை நின்றுவிடும். என் பதிலைக் கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள்தான், இன்றுவரைக்கும் திரும்பவில்லை.

எண்ணெய் விட வேண்டிய நேரம். முதல் கரண்டி எண்ணெயைக் களி வாங்கவே வாங்காது, மேலேயே நின்று வழுக்கும், கிண்டக் கிண்டத்தான் உள்ளே போகும். நாற்பத்தைந்து வருசத்துக்கு முன்னால் எனக்கு இது தெரியாது. எனக்குக் கல்யாணமாகி வீரவநல்லூரில் இருந்தோம், பத்தொன்பது வயசு. எட்டாம் மாசமே எங்கள் அம்மா வீட்டில் இருந்து உளுந்து மாவும் கருப்பட்டிச் சிப்பமும் வந்து பரணில் இருந்தது. பிறந்தது ஆண்பிள்ளை. அழவில்லை. மருத்துவச்சி தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாள், ஊதினாள், அப்புறம் மெதுவாக வைத்தாள், அவள் வைத்த மெதுவிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. என் மாமியார் வாயில் சேலையைப் பொத்திக்கொண்டு, "அந்த மாவை யாரும் எறக்காதீங்க. பிள்ளையில்லாத வீட்ல களி கிண்டுனா அது அடுத்த வயித்தையும் கேட்டு வாங்கிரும்" என்றாள். கெட்டவள் இல்லை, பயந்தவள். அவள் மாமியார் அவளுக்குச் சொன்னதாக இருக்கும். மூன்றாம் நாள் எனக்குப் பால் கட்டிக்கொண்டது. உடம்புக்குச் சேதி போய்ச் சேரவில்லை, அது தன்பாட்டுக்கு வேலை பார்க்கிறது, இல்லாத வாய்க்குப் பால் சுரக்கிறது. இடுப்பு கழன்று விழுகிற மாதிரி ஒரு வலி. சுவரைப் பிடித்துக்கொண்டே கொல்லைக்குப் போவேன், சுவரைப் பிடித்துக்கொண்டே வருவேன், யாரிடமும் சொல்லவில்லை, எதைச் சொல்ல, பிள்ளை இருந்தால்தானே இடுப்பு வலியைச் சொல்லலாம், நானே அப்படித்தான் நினைத்தேன்.

என் வீட்டுக்காரருக்குத் தாத்தா ஒருவர் இருந்தார், பலவேசம் என்று பெயர், அப்போதே எண்பது தாண்டியாயிற்று. ரயில்வே கேட்டில் முப்பது வருசம் வேலை பார்த்தவர். நல்ல மனுஷன் என்று அவரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மாப்பிள்ளை ஊர்வலமே வந்து நின்றாலும் வண்டி போகாமல் கேட்டைத் திறக்க மாட்டார் என்பார்கள். கூடப் பிறந்த தம்பியோடு ஒரு வாய்க்கால் வரப்புக்காக இருபது வருசம் பேசாதவர். என்னோடு அதுவரைக்கும் அவர் பேசியது நாலு வார்த்தை இருந்தால் அதிகம், அதிலும் இரண்டு வார்த்தை தண்ணி, வெத்தலை. பிள்ளையைத் துண்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனவர் அவர்தான், எங்கள் வீட்டுக்காரர் ஊரில் இல்லை, மாமனார் என்னால் முடியாது என்று உட்கார்ந்துவிட்டார். திரும்பி வந்து குளித்தார், படுத்தார். நாலாம் நாள் என் மாமியார் ரேஷனுக்குப் போயிருக்கிறாள். பரண் பக்கம் சத்தம். எட்டிப் பார்த்தால் அந்தக் கிழவர் ஏணியில் நிற்கிறார், எண்பது வயசில், ஒரு கையில் மாவுச் சட்டி.  இறங்கினார், அடுப்பைப் பற்ற வைத்தார், கருப்பட்டியைத் தட்டிப் போட்டார், அந்தக் கைகள் தடுமாறவே இல்லை. முப்பது வருசம் கேட்டடியில் தனியாகப் பொங்கித் தின்ற மனுஷனுக்கு அடுப்பு தெரியும் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, பார்த்தாலும் காட்டிக்கொள்ளவில்லை. பாதியில் மாமியார் வந்துவிட்டாள், பையைப் போட்டாள்.

"மாமா, என்ன காரியம் பண்ணுதிய?" என்றாள். "களி கிண்டுதேன்" என்றார். "யாருக்கு?" "பெத்தவளுக்கு." "பிள்ளை எங்க இருக்கு மாமா, பெத்தவளுக்குங்கிய?" அவர் கிண்டுவதை நிறுத்தவில்லை. "பிள்ளை மண்ணுல இருக்கு. நாந்தான வச்சேன். இடுப்பு இங்கதான இருக்கு." மாமியார் தலையில் கையை வைத்துக்கொண்டாள். "அடுத்தது தங்கலைன்னா யாரு பதில் சொல்லுவா?" என்றாள். தாத்தா அதற்குக் கொஞ்சம் யோசித்தார், கேள்வி நியாயமான கேள்விதான் என்கிற மாதிரி யோசித்தார். "தங்கலைன்னா திரும்பவும் கிண்டுவேன்" என்றார். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம், இத்தனை வருசத்தில் எத்தனை தடவை வந்திருப்பேன், எனக்கு உடம்பு சிலிர்த்துவிடும், இப்போதும் பாருங்கள், கரண்டி பிடித்த கையில் மயிர் குத்திட்டு நிற்கிறது. தங்கும் என்று அவர் சொல்லவில்லை. சாமி காப்பாத்தும், அழாத, அடுத்தது ராசா மாதிரி பிறக்கும், ஒன்றும் சொல்லவில்லை. வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்லிவிட்டுப் போனார்கள். திரும்பவும் கிண்டுவேன் என்று ஒரு ஆள்தான் சொன்னார். அந்த நேரம் பார்த்துப் பதினொரு மணி வண்டி ஊருக்கு மேற்கே கூவிக்கொண்டு போகிறது. வண்டிச் சத்தம் கேட்டால் அவர் எங்கே இருந்தாலும் எழுந்து விறைப்பாக நிற்பார், அது பழக்கம், அன்றைக்கும் கரண்டியை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கிறார், களி அடியில் பிடிக்கிறது. மாமியார் எத்தனை நேரம் பொறுப்பாள். "வண்டி போயிட்டு மாமா, அடுப்பப் பாருங்க, தீயுது" என்றாள். அப்புறம் எட்டிப் பார்த்து, "இம்புட்டு எண்ணெய் எந்த மூலைக்கு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்ச் சீசாவை எடுத்து வந்து அவளே ஊற்றினாள். ஊற்றும்போது அழுதாள். தாத்தா அவளுக்கும் ஒரு உருண்டை தனியாக எடுத்து வைத்தார். அவளுக்கும் இரண்டு தங்காமல் போனது என்று எனக்கு அதற்கப்புறம்தான் தெரியும், அவளுக்கு யாரும் கிண்டவில்லை.

ஒரு தட்டில் வைத்து என் முன்னால் கொண்டுவந்தார். உருட்டி, நடுவில் பெருவிரலால் ஒரு குழி, குழி நிறைய எண்ணெய். "தின்னு" என்றார். நான் அழுகிறேன். எனக்கு எதுக்கு தாத்தா என்றேன். "ஏன், நீ பெக்கலியா?" என்று கேட்டார். அதட்டலாகத்தான் கேட்டார், கேட்டில் நின்று வண்டிக்காரனை அதட்டுகிற மாதிரி. நான் பெத்தேன். அதுவரைக்கும் எனக்கு என்ன நடந்தது என்பதற்கு ஒரு பெயர் இல்லை, எல்லாரும் போயிட்டு, தவறிட்டு, அப்படி ஆயிட்டு என்றார்கள். பெத்தேன் என்று அந்தக் கிழவர்தான் எனக்குச் சொல்லித் தந்தார். அந்தக் களி அடிப்பிடித்த களி, சுக்குத் தூக்கலான களி, அதற்கப்புறம் லிங்கம் பிறந்தபோது வெள்ளிக் கிண்ணத்தில் தின்ற களியெல்லாம் அதற்குப் பக்கத்தில் வராது. இப்படி ஒரு கையில் இருந்து வாங்கித் தின்ற நான், இதைத் தின்று எழுந்து நடந்த நான், என் மருமகள் தூங்கும்போது சோப்பைத் தடவியிருக்கிறேன். எப்படி அது. இதுதான் பதினொரு நாளாக எனக்குள் சுற்றுகிறது, ஆட்டுரலில் குழவி சுற்றுகிற மாதிரி. தெரியாதவள் செய்தால் தெரியாமல் செய்தாள். நான் தெரிந்தவள். தின்றது உடம்புக்குப் போயிற்றா, மனசுக்குப் போகவில்லையா. அவள் பெத்தாள், ஒரு ராத்திரி ஒரு பகல் பெத்தாள், கழற்றிக் கொடுக்க வேண்டியது அவள் கை. அதை நான் முந்திக்கொண்டு உருவினேன் என்றால், நீ ஒன்றும் பெறவில்லை என்று சொன்னதாகத்தானே ஆகும். வாயால் சொல்லவில்லை. சோப்பால் சொன்னேன்.

களி இப்போது எண்ணெயை வாங்க ஆரம்பித்துவிட்டது. நிறம் மாறுகிறது, மங்கலாக இருந்தது மினுமினுவென்று, யானைக்கன்றைக் குளிப்பாட்டின மாதிரி ஆகிறது. எத்தனை தடவை கிண்டினாலும் இந்த இடம் எனக்குப் பெரிய அதிசயம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு ரோஸ்லின் டீச்சர் கொடியில் துணி எடுக்கிற சத்தம் கேட்கிறது. கிளிப்பைப் பிடுங்குகிற சத்தம் நின்றுவிட்டது, எனக்குத் தெரியும், வாசம் போய்ச் சேர்ந்துவிட்டது. "ஆவுடை அக்கா" என்று கூப்பிட்டாள், "என்ன, களி வாசம் வருது, யாருக்கு என்ன விசேஷம்?" இந்தத் தெருவில் எல்லாருக்கும் நடந்தது தெரியும், அவளுக்கும் தெரியும், ஆனால் வாசத்துக்கு அது தெரியாது, மூக்கு முந்திக்கொண்டு கேட்டுவிட்டது. கேட்ட உடனே அவளுக்கே உறைத்திருக்கும், ஒரு துணி கீழே விழுந்தது. மாடி ஜன்னல் திறந்துதான் இருக்கிறது. இங்கே பேசுவது அங்கே கேட்கும். மூட்டுவலி என்று சொல்லலாம். வாயில் அதுதான் வந்து நின்றது, மூட்டுவலி டீச்சர் என்று நாக்கு நுனியில். "என் மருமக பெத்திருக்காள்லா டீச்சர்" என்றேன், "அவளுக்குத்தான்." விழுந்த துணியை எடுத்து உதறுகிற சத்தம் கேட்டது.  அப்புறம் டீச்சர், "ஆமா" என்றாள், "ஆமாக்கா." "எங்க வீட்ல செக்கெண்ணெய் இருக்கு, தரட்டா?" என்றாள். போதும் டீச்சர் என்றேன். சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வருகிறது. மாடியில் அவள் கேட்டிருந்தால் என்ன நினைப்பாள். ஊருக்குக் கேட்கச் சொல்லிக் காட்டுகிறாள் கிழவி என்று நினைப்பாளா. பெத்திருக்காள் என்ற வார்த்தை போய் அவளைக் குத்துமா. எனக்கு மருந்தாக இருந்தது அவளுக்கும் மருந்தாக இருக்க வேண்டும் என்று என்ன சட்டம். மேலே நாற்காலி இழுபடுகிற சத்தம். அப்புறம் சத்தம் இல்லை. பெட்டி அடுக்குகிறாளா, ஜன்னலை அடைக்க எழுந்தாளா. அடைக்கவில்லை. அடைத்தால் கொண்டி விழுகிற சத்தம் கேட்கும், எனக்குத் தெரியும்.

கையைத் தண்ணீரில் நனைத்துக் களியைத் தொட்டுப் பார்க்கிறேன். ஒட்டவில்லை. பதம். அடுப்பை அணைத்தேன், மணி நாலு பத்து. இனி ஆற வேண்டும், இந்தக் கால் மணிதான் பொல்லாதது, கைக்கு வேலை இல்லை. கைக்கு வேலை இல்லாதபோது அந்தப் பச்சைத் துணி வந்து நிற்கிறது. பலவேசத் தாத்தா அதற்கப்புறம் ஆறு வருசம் இருந்தார். லிங்கத்தைத் தோளில் போட்டுக்கொண்டு ரயில் காட்டினார். அந்த ஆறு வருசத்தில் எத்தனையோ நாள் நானும் அவரும் தனியாக இருந்திருக்கிறோம், நான் முறத்தில் அரிசி பொறுக்குவேன், அவர் வெற்றிலை இடிப்பார். என் முதல் பிள்ளையைத் தூக்கிப் பார்த்த ஆள் அவர் ஒருவர்தான், துண்டில் வைத்து அத்தனை தூரம் நடந்த ஆள். என்னிடம் காட்டவே இல்லை, பார்க்கக் கூடாது, மனசில் நின்றுவிடும் என்று மறைத்துக் கொண்டுபோய்விட்டார்கள். எப்படி இருந்தான் தாத்தா என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், அவர் பொய் சொல்லுகிற ஆள் இல்லை. ஆனால் கேட்டால் அவருக்கு நோகுமோ என்று நான் இருந்தேன், சொன்னால் எனக்கு நோகுமோ என்று அவர் இருந்திருப்பார், இப்படியே இரண்டு பேரும் ஆறு வருசத்தை ஓட்டினோம். ஒரு வைகாசியில் போய்விட்டார். அவரோடு என் பிள்ளையின் முகமும் போய்விட்டது. பார்க்காவிட்டால் மனசில் நிற்காது என்றார்கள். நாற்பத்தைந்து வருசமாக நிற்கிறது. முகம் இல்லாமல் நிற்கிறது. அதுக்கு முகம் ஒன்று இருந்தால் கொஞ்ச நேரம் உட்காரும், இல்லாததால் நின்றுகொண்டே இருக்கிறது. களி கிண்டத் தெரிந்த அந்தக் கிழவருக்கும் இது ஒன்று தெரியவில்லை. எல்லாம் தெரிந்த ஆள் என்று இத்தனை காலம் அவரைத் தூக்கி வைத்திருந்தேன், இன்றைக்கு நாலு பத்துக்குத்தான் பார்க்கிறேன், அவர் பாதிதான் வந்திருக்கிறார். பாதி வந்ததே எனக்கு வாழ்க்கைக்குப் போதுமானதாக இருந்தது. மீதிப் பாதி. அது என்னிடம் இருக்கிறது. அந்தப் பச்சைத் துணியை விலக்கிப் பார்த்தவள் நான்தான், இந்த உலகத்தில் வேறு யாரிடமும் இல்லை. அறுபத்து நாலு வயசு. நானும் ஒரு நாள் போய்விடுவேன்.

உருட்டினேன். நடுவில் குழி, குழி நிறைய எண்ணெய். எவர்சில்வர் தட்டு. படி ஏறுகிறேன், ஏழாவது படியில் மூட்டு ஒரு சத்தம் போட்டது. கதவு சாத்தித்தான் இருக்கிறது, தாழ்ப்பாள் இல்லை. தட்டை ஸ்டூலில் வைக்கக் கை தானாகப் போயிற்று, பதினொரு நாள் பழக்கம். வைக்கவில்லை. தட்டினேன்.  தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள், காலடியில் பெட்டி, தலை வாரியிருக்கிறாள், முகம் சுவர்ப் பக்கம். தட்டைக் கட்டிலில் அவளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன், மூட்டு மடங்கவில்லை, மடக்கி உட்கார்ந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று படி ஏறும்போது அடுக்கி வைத்திருந்தேன், ஒன்றும் இல்லை, எல்லாம் எங்கேயோ போய்விட்டது. "வளையல நாந்தாம்மா கழட்டினேன்" என்றேன்.  "தெரியும்" என்றாள். பதினொரு நாளைக்கு அப்புறம் ஒரு வார்த்தை.  "என் பெட்டியில இருக்கு. ஒண்ணும் உடையல. உன் கையால கழட்ட வேண்டியது, நான் செஞ்சது தப்பு." அவள் களியைப் பார்த்தாள். "டீச்சர்ட்ட சொன்னீங்கள்லா, கேட்டுச்சு" என்றாள். நல்லதா கெட்டதா தெரியவில்லை. ஒரு விரலால் குழியில் இருந்த எண்ணெயைத் தொட்டாள். தின்னவில்லை. மணி என்ன இருக்கும். வண்டி வந்துவிடும். இப்போது சொன்னால் இவள் உடைந்துபோவாளா, லிங்கம் என்னைக் கொன்றுபோடுவானா, சொல்லாமல் விட்டால் இவளுக்கு அறுபத்து நாலு வயசிலும் அது நின்றுகொண்டே இருக்குமா.

"முடி நிறைய இருந்துச்சு" என்றேன்.

அவள் திரும்பினாள். முழுதாகத் திரும்பினாள், சுவரை விட்டு. நான் என்ன சொல்கிறேன் என்று விளங்க ஒரு கணம் ஆனது, விளங்கியதும் அவள் முகம் என்ன ஆயிற்று என்று எனக்குச் சொல்லத் தெரியாது. கத்துவாள் என்று நினைத்தேன். "பாக்கலைன்னு சொன்னீங்க" என்றாள். "பொய் சொன்னேன்." வெளியே ஏதோ வண்டி வந்து நிற்கிற சத்தம். அவள் அதைக் கேட்கவில்லை. "கறுப்பா?" என்றாள். "கறுகறுன்னு. ஈரமா நெத்தியில ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நர்ஸம்மா ஒதுக்கிவிட்டா, திரும்பவும் வந்து விழுந்துச்சு." அவள் கை அவள் நெற்றிக்குப் போனது, அங்கே ஒன்றும் விழவில்லை, ஆனாலும் ஒதுக்கினாள். "மூக்கு?" "உன் மூக்கு. லிங்கத்து மூக்கு இல்ல, தப்பிச்சிட்டா." சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று பதறினேன், ஆனால் அவள் உதடு ஒரு பக்கம் இழுத்தது, அழுகையா சிரிப்பா, இரண்டும்தான். கண்ணில் இருந்து கொட்டுகிறது, அவள் துடைக்கவில்லை, என் பக்கம் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "காது சொல்லுங்க" என்றாள். காது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பதினொரு நாளாக ஓடி ஓடி ஒளிந்த இடத்துக்குள் போகிறேன், பச்சைத் துணியை நானே விலக்குகிறேன், பயம் இல்லை, இத்தனை அழகாகவா இருந்தாள், அன்றைக்கு நான் இதைப் பார்க்கவே இல்லையே, பயத்தைத்தான் பார்த்திருக்கிறேன். "இடது காது மடல் மேல கொஞ்சம் மடிஞ்சிருந்துச்சு" என்றேன், "தளிர் வெத்தலை விரியறதுக்கு முன்ன இருக்கும்லா, அப்படி." கண்ணைத் திறந்தால் அவள் களியில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்திருக்கிறாள். மென்றுகொண்டே கேட்கிறாள். சின்னப் பிள்ளைகள் கதை கேட்டுக்கொண்டே தின்னுமே அப்படி, வாய்க்கு என்ன போகிறது என்று தெரியாமல், அடுத்ததுக்குக் காத்துக்கொண்டு. "விரல்ல நகம் இருந்துச்சா?" "இருந்துச்சு. பத்து விரல்லயும். எண்ணிப் பாத்தேன்." கீழே இருந்து சம்பந்தி, "சுபா, கெளம்பலாமாம்மா, இருட்டதுக்குள்ள போயிருவோம்" என்று கூப்பிடுகிறார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், எண்ணெய்க் கை, வழுக்குகிறது, இறுக்கிப் பிடித்தாள்.

"இருங்கப்பா" என்று வாசல் பக்கம் பார்த்துச் சத்தம் கொடுத்தாள். "அத்தை இன்னும் சொல்லி முடிக்கல."

நான் இன்னும் பாப்பாவின் காலுக்கு வரவில்லை.